முதியோரின் நினைவாற்றல் பற்றிய மாணவர் ஆய்வு ஓர் ஆண்டோடு முடிந்துவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்டோபர் 1ஆம் திகதி சர்வதேச முதியோர் தினத்தை ஒட்டி வன்னியின் கிராமங்களில் முதியோர் சங்கங்கள் கூட்டங்கள் நடத்துகின்றன. மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மதிய உணவு கொடுத்து அனுப்புகிறார்கள். இவை நல்ல காரியங்கள். ஆனால் அந்தக் கூட்டங்கள் முடிந்த சில மாதங்களில் அதே முதியவர்களின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இன்னொரு கூட்டம் வருகிறது. அவர்கள் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள். கையில் வினாக்கொத்து, கழுத்தில் அடையாள அட்டை, ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்ற பதற்றம். அரை மணி நேரம் கேள்வி கேட்டு, படிவத்தை நிரப்பி, நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பிறகு அந்தப் படலைப் பக்கம் வருவதேயில்லை. வன்னியில் பிறந்து, இங்கேயே படித்து, இன்று இளமாணி மாணவர்களின் ஆய்வுகளை மேற்பார்வை செய்பவர்களுள் நானும் ஒருத்தி. அந்த மாணவர்களை அப்படி அனுப்பியவர்களுள்ளும் நான் ஒருத்தி என்பதால், இதில் மாற வேண்டியது மாணவர்கள் அல்ல, வழிகாட்டிகளாகிய நாங்களும் எங்கள் பீடங்களின் ஒழுங்குமுறையுமே என்று தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆய்வுப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயதான ஒருவர் திறப்பை வைத்த இடத்தை மறந்தால், ஒரு பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லி மற்றப் பிள்ளையைக் கூப்பிட்டால், ‘அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது’ என்று எங்கள் வீடுகளில் ஒரு வார்த்தையில் தீர்த்துவிடுகிறோம். அறிவியல் அவ்வளவு எளிதில் தீர்த்துவிடுவதில்லை. வயது ஏற ஏறச் சிந்தனையின் வேகம் குறைவதும், ஒரே நேரத்தில் பல விடயங்களை மனத்தில் வைத்துக் கையாள்வது கடினமாவதும், பெயர்கள் நாக்கு நுனியில் நின்றுவிடுவதும் இயல்பான முதுமையின் பகுதிகள். சொல்வளமும் உலக அறிவும் வாழ்நாள் முழுவதும் பழகிய தொழில் நுணுக்கமும் எழுபது வயதைத் தாண்டியும் பெரும்பாலும் உறுதியாக நிற்கின்றன. டிமென்சியா என்னும் மறதிநோய் இதிலிருந்து வேறுபட்டது. அது அன்றாட வாழ்வைத் தானாக நடத்திச் செல்லும் ஆற்றலையே குலைக்கிறது. நோயை மட்டும் தேடிப் போகாமல், நோயில்லாமல் மூப்படைகிறவர்களின் அறிவாற்றல் எதனால் காக்கப்படுகிறது என்று கேட்பதே ஆரோக்கியமான அறிகை முதுமை பற்றிய ஆய்வு. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே மக்கள்தொகையில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள், அந்தப் பங்கு 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மேலும் உயர்ந்திருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, கணவனோ மனைவியோ போன பின் தனியே விளக்கேற்றும் முதியவர்கள் நிறைந்த வன்னிக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மேற்பார்வையில் இருந்த மாணவி ஒருவர், முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், எழுபத்தெட்டு வயதான கூத்து அண்ணாவியார் ஒருவரைச் சந்தித்தார். மாணவியின் கையில் இருந்தது 1975இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகம் முழுவதும் பரவிய, முப்பது புள்ளிகள் கொண்ட அறிகைச் சோதனையின் தமிழாக்கம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னபோது அவர் தொண்ணூற்றுமூன்றோடு நின்றுவிட்டார். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னபோது, பென்சிலைப் பிடிக்க விரல் வளையவில்லை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். மொத்தம் பதினேழு புள்ளிகள் கிடைத்தன. கதவு நிலையில் சாய்ந்து நின்ற மகள், “எத்தினை, தங்கச்சி?” என்று கேட்டார். கேட்டவர் மகள்தானே என்று மாணவியும் சொல்லிவிட்டார். ஒரு கிழமைக்குள், பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சோதித்துப் பார்த்ததில் அண்ணாவியாருக்கு அறளையாம் என்ற கதை ஊர் முழுவதும் பரவியது. அந்த ஆண்டுக் கூத்துப் பழக்கத்துக்கு இளைஞர்கள் வேறொருவரைத் தேடிப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோதுதான் எனக்கு இது தெரிய வந்தது. மன்னிப்புக் கேட்கவே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, பிரதி எதையும் பாராமல், கட்டியகாரன் வரவிலிருந்து தொடங்கிப் பாத்திரம் பாத்திரமாகத் தருக்களை எடுத்துப் பாடினார். யார் எங்கே நின்று எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கையாலே காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெடுங்காலம் பாடிப் பழகியவை மறதிநோய் தொடங்கியவரிடத்திலும் நிலைத்து நிற்கக்கூடும் என்பதால், அந்தப் பாட்டை மட்டும் கொண்டு அவர் நலமாக இருக்கிறார் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் இடையில் நிறுத்தி, மாணவி வந்த நாள் எது, அன்று என்னென்ன கேட்டார், அவர் எந்த ஊர்ப் பிள்ளை, அவருடைய தகப்பன் எந்தக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார் என்பதையெல்லாம் ஒன்றும் பிசகாமல் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரேயொரு முறை கேட்டவை அவை. புள்ளித்தாளில் அவற்றுக்கு இடமே இருக்கவில்லை.

அந்தப் பிழையை மாணவியின் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. சோதனைக் கருவிக்கு ஒப்புதல் கொடுத்தது நான், கூடப் போகாமல் இருந்ததும் நான். ஒரு புள்ளி நோய்நிர்ணயம் ஆகாது, அதை மகளிடமானாலும் வாசலில் நின்று சொல்லக் கூடாது என்று முன்கூட்டிக் கற்பிக்காததும் நான்தான். பிறகு கூத்துக்காரர்களை நேரில் சந்தித்து விளக்கினேன். அடுத்த ஆண்டு அவர்கள் பிரதியை அண்ணாவியாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எண்பதை நெருங்கும் ஒருவருக்கு இடையில் போன அந்த ஓர் ஆண்டு என்ன விலை என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று முதல் என்னிடம் வருகிற மாணவர்களுக்கு முதல் ஆறு கிழமைகள் வினாக்கொத்தைக் கையில் கொடுப்பதில்லை. கிழமைக்கு ஒரு நாள் என்னோடு கிராமத்துக்கு வந்து முதியவர்களுடன் இருந்து பேச வேண்டும், பேசியதை அன்றிரவே தமிழில் எழுத வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் மாணவர்களுக்கு இது வீண் அலைச்சலாகத் தெரிகிறது. ஆனால் கருவியில் உள்ள குறைகள் எல்லாம் இந்தத் திண்ணைப் பேச்சில்தான் வெளிப்படுகின்றன. “இப்போது என்ன பருவம்?” என்று சோதனை கேட்கிறது. வசந்தம், இலையுதிர் காலம் என்று நாலு பருவம் உள்ள நாட்டில் எழுதப்பட்ட கேள்வி அது. வட்டக்கச்சியில் ஓர் அம்மம்மாவிடம் இதைக் கேட்டபோது, “காலபோகம் விதைச்சு முதல் களையும் எடுத்தாச்சு, இனி மழை ஒருக்கா விட்டால்தான் பசளை போடலாம்” என்று பதில் வந்தது. அதைவிடத் துல்லியமாகக் காலத்தை யார் சொல்ல முடியும்? விடைத்தாளில் இருந்த சொல்லை அவர் சொல்லவில்லை என்று பூச்சியம் போட்டிருந்தால் அது யாருடைய குறை? நவம்பர் என்பதற்குப் பதிலாகக் கார்த்திகை என்று சொல்பவரும் அப்படித்தான். 2005இல் வெளியான இன்னொரு சோதனையில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகிய மூன்றின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். மாட்டின் குறியைப் பார்த்து அது எந்த ஊர், யாருடைய பட்டி என்று சொல்லக்கூடிய ஒருவர், வாழ்நாளில் கண்டிராத காண்டாமிருகத்தின் கோட்டுப்படத்துக்கு முன்னே தடுமாறுவதில் மறதிக்கு என்ன பங்கு இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கும்படி அந்தச் சோதனையின் விதியே சொல்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்றவருக்கும் பதினோராம் வகுப்போடு நின்றவருக்கும் அதே ஒரு புள்ளிதான்.

காது கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்கும் பகுதியில் ஓர் ஆச்சி மூன்றையும் தவறவிட்டதாக ஒரு மாணவர் குறித்திருந்தார். அடுத்த முறை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாணவர் தாளைப் பார்த்தபடி, குனிந்த தலையோடு, வெட்கம் கலந்த மெல்லிய குரலில் அந்தச் சொற்களைச் சொன்னார். ஆச்சி மரியாதைக்காகத் தலையாட்டினாரே தவிர அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. அருகே போய், முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது இரண்டைச் சரியாகச் சொன்னார். செவிப்புலன் குறைவு உண்மையிலேயே மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்று. ஆனால் காது கேளாமையையே மறதி என்று எழுதிவிட்டால் அந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாராலும் ஆராய முடியாமல் போய்விடும். இப்போது எங்கள் மாணவர்கள் முதலில் காதையும் கண்ணாடியையும் கவனித்துவிட்டுத்தான் தாளை எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி மாணவருடன் குறைந்தது நாலைந்து வீடுகளுக்காவது நேரில் போயிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அறைக்குள் இருந்து ஆய்வேட்டில் சிவப்பு மையால் திருத்துவதை மட்டும் மேற்பார்வை என்று சொல்ல இப்போது என்னால் முடியவில்லை.

முதியவர்களின் வயதை அறிவதே இங்கே தனி ஆய்வு. இடம்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பலர், அடையாள அட்டையில் உத்தேசமாகப் போட்ட பிறந்த ஆண்டோடு வாழ்பவர்கள் பலர். ஆகவே ஊர் அறிந்த நிகழ்வுகளைக் கொண்டு கணக்கிடக் கற்றுக்கொடுக்கிறோம். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலின்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா, கலியாணம் முடித்திருந்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் வயது பிடிபட்டுவிடும். கல்வியையும் இப்படிப் பொறுமையாகவே அறிய வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்களும், 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே குளத்தை நம்பி வாழ்ந்தவர்களும் அடுத்தடுத்த காணிகளில் இருக்கிறார்கள். இவர்கள் பெற்ற பள்ளிப் படிப்பு ஒன்றுக்கொன்று நிகரானதல்ல.

இந்த இடத்தில்தான் என் முக்கியமான கோரிக்கை தொடங்குகிறது. ஒரே ஆண்டில் அறுபது வயதினரையும் எண்பது வயதினரையும் சோதித்துப் பார்த்து, எண்பது வயதினரின் புள்ளி குறைவாக இருக்கிறது, ஆகவே இருபது ஆண்டில் அறிவாற்றல் இவ்வளவு தேய்கிறது என்று எங்கள் மாணவர் ஆய்வேடுகள் முடிவு கூறுகின்றன. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு முதுமையால் வந்தது, எவ்வளவு ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்து முந்திய தலைமுறைக்குக் கிடைக்காததால் வந்தது என்று அந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரித்தறிய ஒரே மனிதர்களை ஆண்டு கழித்து ஆண்டாகத் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் உளவியலாளர் வார்னர் ஷாயி. அவர் 1956இல் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாக அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இளையோர் முதல் எழுபது வயதினர் வரை ஏறத்தாழ ஐந்நூறு பேரைச் சோதித்தார். பிறகு ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அவர்களையே மீண்டும் தேடிப் போனார், புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரே நேரத்தில் ஒப்பிட்டபோது இளமையிலேயே தொடங்கிவிடுவதாகத் தோன்றிய தேய்வு, அதே மனிதர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான ஆற்றல்களில் அறுபது வயதுவரை காணப்படவில்லை. வேகம் சார்ந்தவை மட்டும் முன்னதாகவே குறைந்தன. ஷாயி பேர்க்லியில் இளமாணி மாணவராக இருந்தபோதே ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் வளர்ந்தோரின் மனத்திறன்களை அளக்கும் சிறு ஆய்வில் ஈடுபட்டவர் என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லுகிறேன். அரை நூற்றாண்டு நீடித்த அந்தப் பணியின் வித்து ஓர் இளமாணி மாணவரின் பயிற்சியில் இருந்தது.

எங்களிடம் பெரிய நிதி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் புதிய இறுதியாண்டு மாணவர்கள் வருகிறார்கள், அதைவிடப் பெரிய வளம் தொடர் ஆய்வுக்கு வேறில்லை. இன்று ஒவ்வோர் அணியும் புதிய கிராமத்தில், புதிய முதியவர்களுடன், புதிய வினாக்கொத்தோடு தொடங்கி, ஆய்வேட்டை நூலகத் தட்டில் வைத்துவிட்டு முடிக்கிறது. இதற்குப் பதிலாக, ஓர் அணி தான் சந்தித்த முதியவர்களை அடுத்த அணிக்குக் கையளிக்க வேண்டும். மூத்த மாணவர் தம்பி தங்கையரைக் கூட்டிக்கொண்டு போய், “அம்மம்மா, இனி இவர் வருவார்” என்று திண்ணையில் அறிமுகம் செய்துவிட்டு வர வேண்டும். ஒரே கேள்விகள், ஒரே முறையில் கேட்கப்பட்டு, அடையாளம் நீக்கப்பட்ட ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். பெயரும் விலாசமும் உள்ள ஏடு வேறாக, வழிகாட்டியின் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். இதில் சிக்கல்கள் உண்டு. ஒரே சோதனையைத் திரும்பச் செய்யும்போது பழக்கத்தால் மட்டுமே புள்ளி ஏறும், ஆகவே மாற்றுச் சொற்பட்டியல்கள் தேவை. நலிவடைந்தவர்களும் இறந்தவர்களும் விடுபட்டுப் போவதால் மிஞ்சி நிற்பவர்கள் எல்லோரும் நலமாக இருப்பதுபோல் ஒரு மயக்கம் தோன்றும், ஆகவே விடுபட்டவர் ஏன் விடுபட்டார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இப்படிப்பட்ட சிக்கல்களை முகம்கொடுத்துத் தீர்ப்பதுதான் ஓர் இளமாணி மாணவர் பெறக்கூடிய மெய்யான ஆய்வுப் பயிற்சி என்று நான் நம்புகிறேன். புள்ளிவிவர மென்பொருளின் பொத்தானை அழுத்தி அட்டவணை எடுப்பது அதற்குப் பிறகு வருவது.

இவ்வளவும் வன்னியில் ஏன் என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. 1998இல் ஆய்வாளர் குழு ஒன்று தனக்கு ‘பத்தின் கீழ் அறுபத்தாறு’ என்று பெயர் வைத்துக்கொண்டது. மறதிநோய் உள்ளவர்களில் அறுபத்தாறு வீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, அங்கே நடந்த ஆய்வு பத்து வீதத்துக்கும் குறைவு என்பதே அந்தப் பெயரின் பொருள். கன்னியாஸ்திரிகள் 678 பேரை முதுமையில் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், இறப்பின் பின் மூளையைப் பரிசோதித்தபோது நோயின் தடயங்கள் நிறைந்திருந்தும் வாழும்போது தெளிவாகவே இருந்த சிலர் காணப்பட்டார்கள். மூளைக்கு ஏதோ ஒரு சேமிப்பு இருக்கிறது, படிப்பும் வேலையும் உறவும் அதைப் பெருக்குகின்றன என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு வலுச் சேர்த்தது. ஆனால் அந்தச் சகோதரிகளில் பெரும்பாலோர் நன்கு படித்தவர்கள், பலர் ஆசிரியைகள். பள்ளிக்கூடம் போகாமலே ஐம்பது ஏக்கருக்கு வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட்டவரிடம் அந்தச் சேமிப்பு எந்த வழியால் சேர்ந்தது? சந்தையில் மரக்கறி விற்று மனக்கணக்காலேயே மிச்சக்காசு கொடுத்த ஆச்சியிடம்? இவற்றைக் கேட்கத் தகுந்த இடம் இந்த மண், கேட்கத் தகுந்தவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்.

2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பதினான்கு ஆபத்துக் காரணிகளைக் குறிப்பிட்டு, அவற்றை வாழ்நாள் முழுவதும் கட்டுப்படுத்தினால் உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை என்று அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டு போகையில், 2009ஐக் கடந்து வந்த ஒரு வன்னிக் கிராமத்தின் முதியவர்கள் ஒவ்வொருவராக என் கண்முன்னே வந்தார்கள். எறிகணைச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர், தலையில் இன்னும் சன்னத் துகளோடு இருப்பவர், பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுக் கதைப்பதையே நிறுத்திக்கொண்டவர். அந்தப் பட்டியலில் முதலில் வருவது இளமையில் கல்வி கிடைக்காமை. இன்று பாடசாலையை இடையில் விட்டுக் கூலி வேலைக்குப் போகும் பதினாலு வயதுப் பிள்ளையின் கதை 2080இல் ஒரு முதியவரின் கதையாகும் என்பதையும் எங்கள் மாணவர்கள் இதில் கண்டுகொள்கிறார்கள்.

அதனால்தான் இங்கே ஒப்புதல் பெறுவது படிவத்தில் பெருவிரல் வைக்கச் செய்வதோடு முடிவதில்லை. போருக்குப் பின்னர் எத்தனையோ நிறுவனங்கள் படிவங்களோடு வந்தன. சில வீடு தந்தன, சில கோழிக்குஞ்சு தந்தன, சில ஒன்றும் தரவில்லை. படிவம் என்றால் ஏதோ உதவி வரும் என்று முதியவர்கள் எண்ணுவது இயல்பு. ‘இதனால் உங்களுக்குக் கொடுப்பனவு எதுவும் வராது, மறுத்தாலும் எதுவும் குறையாது’ என்பதை மாணவர் வாயால் சொல்லி, அவர் விளங்கிக்கொண்டாரா என்று திருப்பிக் கேட்க வேண்டும். பழைய நினைவுகளைச் சோதிக்கும் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். “உங்கள் பிள்ளைகளின் பெயர்களை மூத்தவரிலிருந்து சொல்லுங்கள்” என்று ஒரு மாணவி கேட்டபோது, ஓர் அம்மா நாலு பெயர் சொல்லி, ஐந்தாவதில் நிறுத்தி, “அவனைச் சொல்லவோ, விடவோ?” என்று கேட்டார். காணாமல் ஆக்கப்பட்ட மகன். மாணவி தாளை மடித்து வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அந்த வீட்டில் தரவு எதுவும் எடுக்கப்படவில்லை. அதற்காக நான் அந்த மாணவியை மெச்சினேன், அந்தக் கேள்வியை ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அறிவித்துக் கருவியிலிருந்து நீக்கினோம். திரும்பி வரும் வழியில் அந்த மாணவியும் அழுதார், அவருடைய வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருந்தது. மாணவர்களின் மனத்தைப் பார்த்துக்கொள்வதும் வழிகாட்டியின் பொறுப்பு என்பதை நான் அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

ஆய்வில் யாருக்காவது உண்மையிலேயே மாற்றம் தெரிந்தால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவை மறதிநோய் போலவே தோன்றக்கூடும், இவற்றில் பல சிகிச்சையால் சரிப்படக்கூடியவை. மாணவர் அவற்றைத் தீர்மானிப்பவர் அல்லர். வழிகாட்டி வழியாக, முதியவரின் விருப்பத்தோடு, மாவட்ட மருத்துவமனைக் கிளினிக்குக்கு ஒரு கடிதத்துடன் அனுப்பிவைப்பதற்கான ஒழுங்கு, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாத ஆய்வுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

கண்டறிந்ததைத் தமிழில் அந்த ஊருக்கே திருப்பிச் சொல்லவும் வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, பரீட்சகர் இருவர் வாசிக்கிறார்கள், அத்துடன் அது உறங்கிவிடுகிறது. எங்கள் மாணவர்கள் கடந்த முறை முதியோர் சங்கக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினார்கள். யாருடைய புள்ளியையும் சொல்லவில்லை. வயதோடு வேகம் குறைவது இயல்பு என்பதையும், இரத்த அழுத்தத்துக்கான குளிசையை இடையில் நிறுத்துவது மூளையையும் பாதிக்கும் என்பதையும், காது கேட்காவிட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும் என்பதையும் ஊர்ப் பேச்சில் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் ஐயா எழுந்து, “இவ்வளவு காலமும் என்னட்டைக் கேட்டுக்கொண்டு போனவைதான், சொல்ல வந்தது நீங்கள்தான்” என்றார். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் அன்று தெரிந்தது, எந்த வகுப்புச் சித்தியிலும் நான் கண்டிராதது.

ஆகவே வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பீடங்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். இறுதியாண்டு ஆய்வை இரண்டாம் ஆண்டிலிருந்தே தொடங்க இடமளியுங்கள். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து மாணவர்களைக் கொடுக்காமல் ஐந்து பேரோடு நிறுத்துங்கள். கள வேலைக்கான பஸ் காசையாவது மாணவர் தம் கையிலிருந்து போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்திய அணியின் தரவைத் தொடர்ந்து செய்யும் ஆய்வைப் ‘புதுமை இல்லை’ என்று புள்ளி குறைக்காதீர்கள். கட்டுரை வெளிவரும்போது உழைத்த மாணவரின் பெயர் அதில் இருக்கட்டும். முதியோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊருக்கு வினாக்கொத்தோடு வரும் எவரிடமும், திரும்பி வருவீர்களா, எப்போது வருவீர்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எங்கள் இவ்வாண்டு மாணவர்கள் மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்து முற்றத்தில் நெல் காய்ந்த பின்னர், நாற்பத்திரண்டு வீடுகளுக்கு மூன்றாவது முறையாகப் போக இருக்கிறார்கள். முதல் முறை நாற்பத்தெட்டு வீடுகள். விடுபட்ட ஆறு பேரில் நால்வர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மகளோடு கனடா போய்விட்டார், ஒருவர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்றவரின் வீட்டுக்கும் மாணவர்கள் போகிறார்கள், தாள் எதுவும் இல்லாமல், சுகம் விசாரிக்க மட்டும்.

இப்படிக்கு,
இளமாணி ஆய்வு வழிகாட்டி ஒருவர்,
கிளிநொச்சி.